செவ்வாய்க்கிழமை வாசித்தவன்

அன்புத் தம்பி ஆர்மினுக்கு அக்கா எடெல்கா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். வயிற்றெரிச்சலைத்தான் தாங்க முடியவில்லை. ஹைஃபாவிலிருந்து நீ அனுப்பிய ஆரஞ்சுகள் வந்து சேர்ந்தன.

நம் யூத ஜெப ஆலயத்தைக் கச்சேரி மண்டபம் ஆக்குகிறார்கள். நம்மை ரயிலேற்றி அனுப்பிய பிறகு அது நாற்காலி குடோனாகக் கிடந்ததே, அப்போது எவனும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அங்கிருக்கும் குழாய் ஆர்கன் வாத்தியத்தைப் பழுதுபார்த்து, பக்கத்தில் கல்வெட்டும் வைக்கிறார்கள். 'ஊர் மக்களின் ஆர்கன். வாசித்தவர் வெண்டெல் கொச்சிஷ்.' அவ்வளவுதான். அதைச் செய்வித்த நம் ஜனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நகர மன்றத்தில் இதைக் கவனிப்பவன் வெண்டெலின் பேரன் ஓட்டோ. நேரே போய்க் கேட்டேன். "பெரியம்மா, சனிக்கிழமை அதத் தொட்டா உங்களுக்குப் பாவமாச்சே. வாராவாரம் வாசிச்சது கிறிஸ்தவரான எங்க தாத்தாதானே? உங்காளு ஒருத்தராச்சும் கை வெச்சதுண்டா? அப்புறம் அது எப்படி உங்களுதாகும்?" என்று சிரிக்கிறான். சனிக்கிழமை ஓய்வுநாளை மதித்து நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது இவனுக்குப் பட்டாவாகிவிட்டது! வெண்டெல் நல்ல மனுஷர். அவர் காதில் விழுந்திருந்தால் இவன் கன்னம் பழுத்திருக்கும்.

"என் கல்யாணம் செவ்வாய்க்கிழமைடா! அன்னிக்கு வாசிச்சது என் தம்பி" என்று கத்தினேன். "பாத்தவங்க யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க" என்கிறான். யாரைக் கூட்டிப்போவது? அப்பாவையா? கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கட்டாய வேலைப் படைக்கு இழுத்துப்போனார்களே, என் புருஷன் டெஷோவையா? பார்த்தவர்கள் இல்லாமல் போனது எப்படி என்று அந்தப் பாவிக்குத் தெரியாதா?

இனி ஹங்கேரிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று நீ சத்தியம் செய்தது தெரியும். முகாமிலிருந்து வந்தபின் நீ எந்த ஆர்கனையும் தொட்டதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் உன் மேலும் எனக்குக் கோபம்தான், போ. நீ அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால், இவர்கள் இங்கே கல்லில் பொய்யை வெட்டிவிடுவார்கள்.

அதற்குள் வந்துவிடு. ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஆர்கன் முன்னால் பலகையில் உட்கார்ந்து, அன்று வாசித்ததையே வாசி. ஓட்டோ நின்று கேட்கட்டும். நான் வாசலிலிருந்து கல்யாணப் பந்தல் இருந்த இடம்வரை நடந்து வருவேன். அங்கே எனக்காக யாரும் நிற்க மாட்டார்கள். பரவாயில்லை, நீ பாதியில் நிறுத்திவிடாதே.

உன் விரல்களைக் கடவுள் காக்கட்டும்.

உன் அக்கா,
எடெல்கா