நொச்சிக்கு அடங்காத தும்மல்

ஆவடி, 13-2-1989, திங்கள்

மாமரம் பூத்தாலே இவருக்குக் காலையில் அடுக்குத் தும்மல். வாசலில் தும்மினால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குள் தொழிற்சாலை கேட்டை மூடிவிடுவார்கள். இனியும் தாமதித்தால் மெமோ என்று ஃபோர்மேன் சொல்லியிருக்கிறார்.

அதனால் ஒரு வாரமாக குவார்ட்டர்ஸ் வேலி நொச்சியில் ஆவி, இரவில் தூதுவளை ரசம். என் வைத்தியம் பலிக்காமல் போகுமா? இன்று ஒரு தும்மல்கூட இல்லை. சைக்கிளை எடுத்தார். வழியனுப்ப நின்ற நான் தும்மிவிட்டேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தண்ணி குடு. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

"தும்முனது நான்தானே?"

"யார் தும்முனா என்ன, சகுனம் சகுனந்தான்."

தண்ணீர் குடித்து, கேட் மூடும் நேரம் நெருங்கிய பிறகுதான் கிளம்பினார்.

நாளை முதல் எனக்கும் ஆவி. மூக்கு என் பொறுப்பு. அவர் மண்டைக்குத்தான் இன்னும் இலை கிடைக்கவில்லை.