ஆல்வினுக்காக மாடியில் ஒரு விழா

11 மே 2019, சனி

மூன்றாம் வகுப்பில் கெரின் என்றொரு பெண் ஒருமுறை என்னிடம் கேட்டாள். இல்லாதவர்களுக்காகப் பள்ளியில் உணவு டின்கள் சேர்த்துக்கொண்டிருந்தோம். மேசை முழுக்க பீட்ரூட் டின். "டீச்சர், நாம குடுக்கிறது அவங்களுக்கு வேணுங்கிறதா, நமக்கு வேண்டாததா?" வகுப்பே சிரித்தது. நான் அவள் நோட்டில் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன்.

இன்று அது ஏன் நினைவுக்கு வந்தது? காலையில் ஆல்வினின் நண்பன் ரஸ் போன் செய்தான். ஆல்வின் பெயரில் விழா எடுக்கிறார்களாம். பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் ஊர்க்காரர்கள் குதிப்பார்கள், ரஸ் மொட்டை போட்டுக்கொள்வான், ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு விற்பார்கள், எல்லாம் காசு சேர்க்க. வசூல் முழுவதும் ஹோபார்ட் நகரத்தில் உள்ள நரம்பு நோய் ஆய்வு நிலையத்துக்கு.

"எல்லாம் உன் வீட்டுக்காரனுக்காகத்தான் வெல்மா! ஊரே கிளம்பிருச்சு!"

"நல்லது ரஸ். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வர்றியா?"

"இந்தச் செவ்வாயா? குலுக்கல் சீட்டு அடிக்கக் குடுக்கணுமே."

14 மே, செவ்வாய்

ஆல்வினுக்கு முகம் மழித்துவிட்டேன். அவருடைய சக்கர நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பி, எதிரில் இன்னொரு நாற்காலி போட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்தோறும் இருவரும் ரஸ்ஸின் படகில் மீன் பிடிக்கப் போவார்கள். நோயில் இவருக்கு முதலில் கால் போயிற்று, அப்புறம் கை. படகு நின்றது. செவ்வாய் மட்டும் இவருக்குள் நிற்கவில்லை.

பேச்சு குழைகிறது. பொறுமையாகக் கேட்டால் இன்னும் புரியும். அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போவதற்குள் ரஸ் ஒரு தடவை வந்து உட்கார வேண்டும். இவர் கேட்பது அவ்வளவுதான்.

21 மே, செவ்வாய்

வரவில்லை. கடைத்தெருவில் கண்ணாடிக்குக் கண்ணாடி விழாச் சுவரொட்டி, அதில் ஆல்வின் முகம்.

8 ஜூன், சனி

எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கடற்கரை மீட்புக் குழுவின் கட்டடத்தில் விழா. கீழே என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மாடியில். "மேலேருந்து கடல் நல்லாத் தெரியும்ல, அதான் மாத்திட்டோம்" என்றான் ரஸ். லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாத மனிதனுக்காக எடுக்கிற விழா — படிக்கட்டுக்கு மேலே!

"அதுக்கென்ன வெல்மா, நாலு பேர் தூக்கிட்டுப் போயிடறோம். பியர் பீப்பாயே தூக்கியிருக்கோம்!" மொட்டைத் தலை வெயிலில் மின்னியது.

"நான்... பீப்பாய்... இல்ல" என்றார் ஆல்வின்.

"என்ன சொல்றான்?" ரஸ் என்னைக் கேட்டான். அவரைக் கேட்கவில்லை.

காரிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் அவர் பெயர் வந்தது, கைதட்டல் வந்தது. யாரோ ஓடிவந்து, ரொட்டியில் சுருட்டிய சாசேஜ் இரண்டை ஜன்னல் வழியாக நீட்டினார்கள். அவரால் விழுங்க முடியாது. இரண்டையும் நானே தின்றேன். வேறென்ன செய்ய?

கடைசியில் எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஆல்வினைச் சக்கர நாற்காலியில் இறக்கி, வசூல் தொகை எழுதிய ஆள் உயர அட்டைக் காசோலையை அவர் மடியில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆல்வின் முகத்தை அட்டை மறைத்துவிட்டது.

9 ஜூன், ஞாயிறு

வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: ஒருவன் தாகமாக இருக்கிறது என்கிறான். நீங்கள் அவனுக்காக ஊரெல்லாம் ஓடிக் கிணறு வெட்டப் பணம் சேர்க்கிறீர்கள். கிணறு வேண்டியதுதான், பிள்ளைகளே. யாராவது அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தீர்களா?

18 ஜூன், செவ்வாய்

ரஸ் போன்தான் செய்தான். "அன்னைக்கு ரொம்ப அசிங்கமாப் போச்சு வெல்மா. ராத்திரி தூக்கமே இல்ல. அதனால ஒரு முடிவு எடுத்திருக்கோம். அந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போடணும். அதுக்காக இன்னொரு விழா!"

"எங்க?"

"மாடியிலதான்."

ஆல்வினிடம் சொன்னேன். சிரித்தார், சிரித்து மூச்சு முட்டி... பயந்தே போனேன். அந்தச் சிரிப்பைப் பார்க்கவாவது அவன் வந்திருக்கலாம்.

2 ஜூலை, செவ்வாய்

விழாவுக்கு நன்றி சொல்லி ஆய்வு நிலையம் ஒரு மடிப்பிதழ் அனுப்பியிருந்தது. எப்படியெல்லாம் கொடுக்கலாம் என்று. உயிலில் எழுதி வைக்கலாம். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். இறந்தவர் நினைவாக அனுப்பலாம். ஓடலாம், நடக்கலாம். கடைசியில் சின்ன எழுத்தில்: இறந்த பின் மூளையையும் தண்டுவடத்தையும் ஆய்வுக்குத் தரலாம். நான் வாசித்துக் காட்டியபோது ஆல்வின் அந்த இடத்தில் "அது" என்றார்.

அதைப் பேசத்தான் மெலே வந்தாள். டோங்கா தீவுக்காரி, ஆய்வு நிலையத்து நர்ஸ். அந்த எதிர் நாற்காலியில் முதல்முறையாக ஒரு ஆள். இவர் ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துக் கொண்டுவரும்வரை காத்திருந்தாள். நடுவில் புகுந்து முடித்து வைக்கவில்லை.

"எதுக்காக இதைக் குடுக்கணும்னு தோணுது, ஆல்வின்?"

"இத... குலுக்கல்ல... விட முடியாதே."

மெலே நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். டீ ஆறிப்போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் ஆறியது.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த நேரத்துல நீங்களும் சம்மதம் சொல்லணும். தாமதிக்காம கூப்பிடணும். முடியுமா?" முடியும் என்றேன். எல்லா வீட்டிலும் இவ்வளவு நேரம் உட்காருவாயா என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க. என் சம்பளமே இந்த மாதிரி விழாவுல வாளி நீட்டிச் சேர்க்கிற காசுலதான் வருது."

அப்படியானால் ரஸ்ஸின் மொட்டைதான் இவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது. கோபப்படக்கூட இடமில்லாமல் செய்துவிட்டாளே! இல்லை, இடம் இருக்கிறது. ஹோபார்ட்டிலிருந்து இவளால் வர முடிகிறது. இரண்டு தெரு தள்ளி இருப்பவனால்?

27 ஆகஸ்ட், செவ்வாய்

பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. நாற்காலியை இன்றும் எதிரில் போட்டேன்.

5 செப்டம்பர், வியாழன்

விடியும்போது போய்விட்டார். முதலில் மெலேயைக் கூப்பிட்டேன். அழுவதற்கு முன் கூப்பிட்டேன். சம்மதம் சொன்னேன்.

மாலையில் ரஸ் போன். "அடக்கத்துக்குப் பூ வேண்டாம்னு சொல்லிட்டு, வாசல்ல வசூல் வாளி வெக்கட்டுமா?"

வை என்றேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

ரஸ் வந்தான். செவ்வாய்க்கிழமை, சரியாகப் படகு கிளம்பும் நேரத்துக்கு. தலையில் முடி வளர்ந்துவிட்டிருந்தது. வாளியில் எவ்வளவு சேர்ந்தது என்று ஆரம்பித்தான். நான் அந்த நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தான். எதிரில் யாரும் இல்லை.

"அவன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல வெல்மா. எதையாச்சும் செஞ்சுட்டே இருந்தா வர வேண்டியதில்லன்னு..."

"படகுல என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேச மாட்டோம்."

"அவருக்கும் அதுதான் வேணும்னு இருந்துச்சு."

அழுதான். நான் தேற்றவில்லை. என்னால் முடியவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தேன். ஆறும்வரை இருந்தான்.

அவன் போன பிறகு, ஊர்ப் பத்திரிகைக்கு நன்றி அறிவிப்பு எழுதினேன். வந்தவர்களுக்கும், வாளியில் போட்டவர்களுக்கும், மெலேவுக்கும் நன்றி. ஆய்வு நிலையத்துக்குத் தொடர்ந்து கொடுங்கள். இவ்வளவும் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன்:

வரும் செவ்வாய்க்கிழமை, உங்களுக்குத் தெரிந்த ஒரு நோயாளியின் வீட்டுக்கு வெறுங்கையோடு போய், அவர் எதிரில் டீ ஆறும்வரை உட்காருங்கள்.