சிலமலை டி.வி.க்கு ஒரு டயோடு

போடிநாயக்கனூர்,
ஆவணி, 1988.

அன்புள்ள மலைச்சாமிக்கு,

சோலைமலை எழுதிக்கொள்வது. சென்னையில் உனக்கு வேலையும் சாப்பாடும் ஒழுங்காகக் கிடைக்கிறதா? இங்கே சாரல் விட்டபாடில்லை. போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து ஜீப்புகள் ஓடவில்லை. உன் தங்கச்சி மாப்பிள்ளை பெரியகருப்பனும் ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கவில்லை.

தங்கச்சி பொன்னுமணிக்கு நீ கல்யாணச் சீராகக் கொடுத்த கலர் டி.வி. போன வாரம் பழுதாகி என் கடைக்கு வந்தது. பவர் சப்ளையில், கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுகிற டயோடு ஒன்று போயிருந்தது. அந்த இடத்தில் கரண்டு நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டுப் பாயும், ஃபாஸ்ட் ரெக்கவரி டயோடு தவிர வேறெதுவும் வைக்காதே என்று தீபாவளிக்கு வந்தபோது படித்துப் படித்துச் சொன்னாய். சாதா டயோடு சட்டென்று மூடாது, அடைக்கப் பிந்திய மடையில் தண்ணீர் எதிர்த்து வருகிற மாதிரி கரண்டு திரும்பிப் பாய்ந்து சூடேறும் என்றாய்.

நான் மறக்கவில்லை. ஆனால் போடியில் எந்தக் கடையிலும் அது இல்லை. தங்கச்சியின் மாமியார் கருத்தம்மாள், வெள்ளிக்கிழமை பாட்டுக்குள் செட் வந்தாக வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். மதுரைக்குப் போய் வாங்க வேண்டும் என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வோல்டேஜும் ஆம்பியரும் சரியாக இருந்த சாதா டயோடு ஒன்றை வைத்தேன். மீட்டரில் நல்லதென்றுதான் காட்டியது. கடையில் கொஞ்ச நேரம் ஓடவும் செய்தது. சிலமலையில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. நடுப்பாட்டில் பொன்னுமணி எழுந்து சத்தத்தைக் கூட்டினாள். சற்று நேரத்தில் கருகல் வாடை, பிறகு புகை. "இவ கை வச்சா எது வெளங்கும்" என்றார் மாமியார். என் பக்கம் திரும்பி, "இவ திருகுனதுதானப்பா?" என்று கேட்டார். நான் "இருக்கும் ஆத்தா" என்று சொல்லிவிட்டேன். நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ரோடு திறந்து மகன் வந்ததும் மருமகளை ராசிங்காபுரத்தில் உங்கள் வீட்டில் விட்டுவிடச் சொல்வாராம். புது செட்டோடு வந்தால்தான் உள்ளே விடுவாராம்.

நேற்று செட்டை எடுத்துவரப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். பொன்னுமணி மோர் கொண்டுவந்து, "என்னாலதான் உங்க சோலி கெட்டுப்போச்சுண்ணே" என்றாள். மோரைக் குடித்தேன். சொல்லவில்லை.

டயோடோடு பவர் டிரான்சிஸ்டரும் போயிருக்கிறது. இரண்டையும் வாங்கு. தபாலில் அனுப்பாதே, ரோடு திறப்பதற்குள் நீயே எடுத்துக்கொண்டு வா. நீ பக்கத்தில் நின்றால் கருத்தம்மாள் முன்னால் நான் வாயைத் திறந்துவிடுவேன். தனியாகப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

அதற்குள் பொன்னுமணிக்கு ஒரு கடிதம் போடு. நலம் விசாரிக்கும் முன்பே, உன் கையில் ஒரு குறையும் இல்லை தாயி என்று எழுது.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
சோலைமலை.