எருமை காத்திருந்த கதவு

அண்ணா,

இன்று காலை மிளகாய்த்தூள் டப்பாவை எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். டப்பாவுக்கு அடியில் நம் குகை இருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீ நீலப் பென்சிலால் வரைந்த அதே குகை. அம்மா அலமாரியைத் துடைத்து அதை விரித்துப் போட்டிருக்கிறாள். டப்பா சரியாக அந்தக் குகையின் கதவின்மேல் உட்கார்ந்திருந்தது.

“அம்மா, இது அண்ணாவோட படம்.”

“காலண்டர் தாள்தானேடி? வீணாப் போகுதேன்னு போட்டேன்” என்றவள், உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் கோபப்பட முடியவில்லை. அதனால் உன்னிடம் கோபப்படுகிறேன்.

அமெரிக்காவில் படிக்கும் உன் சிநேகிதன் விடுமுறைக்கு வந்தபோது சொன்ன விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அங்கே அதற்கென்று பல முகங்கள் வைத்த பகடைகள் உண்டாம். மயிலாப்பூரில் நமக்கு வாய்த்தது தாயக்கட்டைதான். “தாயம் விழாம காயை இறக்க முடியாதில்ல? அதே சட்டம். தாயம் விழுந்தாத்தான் கதவு திறக்கும்” என்றாய்.

நான் வைத்தியரானேன். மூலிகைகளின் பெயர்களை நூலகத்தில் தேடிப் படித்துக்கொண்டு வந்தேன். நம் தங்கை சின்னு எருமையானாள். “மனுஷியா இருடி” என்று கெஞ்சினேன். “மாட்டேன். எருமையை யாரும் தள்ள முடியாது” என்றாள். ஆறு வயதுக் குழந்தைக்கு நீ எடுத்துச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ, “எருமையாரே, புல் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாய்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு படிப்பகத்தின் மாடிக்கூடத்தில், கோடை விடுமுறையில் உன் சிநேகிதர்கள் கூடுவார்களே, அங்கும் எங்களை அழைத்துப் போனாய். ஒரு பக்கம் சதுரங்கம், ஒரு பக்கம் கேரம், மூலையில் உன் குகை. சின்னுவைப் பார்த்ததும் ரஹீம் அண்ணன், “இன்னாடா, பால்வாடி நடத்திக்கினு கீறியா?” என்றார்.

“டேய், இவங்க எருமை. மரியாதையா பேசு” என்றாய் நீ.

“எருமை எப்படிம்மா கத்தி புடிக்கும்?”

“எனக்கு எதுக்குக் கத்தி? கொம்பு இருக்கே” என்றாள் சின்னு. கேரம் ஆடியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று குகைக் காவலாளியை முட்டிக் கிணற்றில் தள்ளியது எருமைதான். கடைசியில் இரும்புக் கதவு வந்தது. சின்னு உருட்டினாள். தாயம் விழவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஞாயிறு தவறாமல் உருட்டினாள். விழவே இல்லை. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். குகைச் சுவரில் ஈரம் என்று ஒரு நாள் சொன்னாய். நிலைப்படியில் பாசி என்று இன்னொரு நாள் சொன்னாய். ஆகவே உள்ளே ஆறு ஓடுகிறது என்று உன்னிடம் வாதாடினேன். “நல்லா யோசிக்கிற. பாக்கலாம்” என்றாய். மஞ்சள் காமாலையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கேட்டேன். “தொறந்தாத்தான் தெரியும்” என்று மஞ்சள் பூத்த கண்களோடு சிரித்தாய். அதோடு போய்விட்டாய்.

ஞாயிறுதோறும் சின்னு தாயக்கட்டையோடு என்னிடம் வந்து நிற்க ஆரம்பித்தாள். உருட்டுவாள், விழாது, “ஒரே ஒரு தடவை விட்டுடேன்” என்பாள். சட்டம் சட்டம்தான் என்பேன். “அண்ணா இருந்தா விட்டிருப்பான்” என்று அழுவாள். உண்மையில் தாயம் விழாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. விழுந்தால் என்ன சொல்வேன்? கதவுக்குப் பின்னால் என்ன வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாதே. உன் பொருள்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி கிடையாது.

போன வாரம் படிப்பகத்தில் இந்த ஆண்டுக் கோடைக் கூட்டம். சின்னுவையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ரஹீம் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

“அவனுக்கே தெரியாதும்மா” என்றார். “நீங்க பேசிக்கினு இருப்பீங்க இல்ல, உங்க மூஞ்சியப் பாத்துக்கினே அப்பப்போ ஒண்ணு சொல்லுவான். மொதல்லேர்ந்தே அப்படித்தான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரமும் பாசியும் வெறும் பேச்சா? ஆண்டு முழுக்க நான் யோசித்தது, இல்லாத ஒன்றைப் பற்றியா?

“நீ கதை சொல்லு, நாங்க ஆடறோம்” என்று அவர் படத்தை விரித்தார். சின்னு தாயக்கட்டையைத் தேய்த்து உருட்டினாள்.

தாயம்.

எல்லாரும் கை தட்டினார்கள். சின்னு தட்டவில்லை. என் அருகே வந்து மெல்லக் கேட்டாள்: “உள்ள அண்ணா இருக்கானா?”

இதற்காகத்தான் ஞாயிறு ஞாயிறாக உருட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை அண்ணா. ரஹீம் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பதில்தான் எழுதியிருந்தது. இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். கதைதானே? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“இல்ல சின்னு. அண்ணா இல்ல.”

அவள் குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எருமைக்குத் தாகமா இருக்கு. தண்ணி இருக்கா?” என்றாள்.

“இருக்கு. ஆறு ஓடுது” என்றேன். நான் வாதாடிய அதே ஆறு. ஆனால் சரியாகச் சொன்ன மகிழ்ச்சி வரவில்லை. அந்த நிமிஷத்தில் அதை ஓடவிட்டவளே நான்தானே.

உள்ளே ஒன்றுமே இல்லாத கதவின் முன்னால் எங்களை இத்தனை நம்பிக்கையோடு எப்படி நிற்க வைத்தாய்? ‘எனக்கும் தெரியாது’ என்று என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் தீரவில்லை. உன்னைப் போல யோசிக்காமல் உட்கார எனக்கு வராது. வரும் ஞாயிற்றுக்கு ஒரு படகும் படகோட்டியும் அக்கரையில் ஓர் ஊரும் யோசித்து வைத்திருக்கிறேன். எருமைக்கு நீந்தத் தெரியும், படகு வேண்டாம் என்பாள் சின்னு. அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.