மேசைக்கு அடியில் ஒட்டியிருந்த மெழுகு

ஹார்லெம்,
1656 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணான மகன் யெரூனுக்கு அம்மா மாரித்யே எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை ஹில்லெயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் நார்வேயில் அந்தக் குளிர் பிடித்த பெர்கன் துறைமுகத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். கிழக்கிந்தியத் தீவில் பத்தாவியாவில் இருப்பதாகக் கடிதம் எழுதியவனுக்குப் பெர்கன் முகவரியில் கடிதம் வருகிறதே என்று திகைக்காதே, படிக்கப் படிக்கப் புரியும். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே, உனக்கு அந்தக் கோபம் உண்டு.

இந்த வருஷம் வெயில் நன்றாகக் காய்கிறது. வெளுப்பதற்காக நாடாவாக வார்த்த தேன்மெழுகைத் தோட்டத்துத் துணிகளில் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் புரட்டுகிறோம், மஞ்சள் நாளுக்கு நாள் வெளுக்கிறது. விடியற்காலையில் பார்த்தால் துணி எது, மூடுபனி எது என்று தெரியவில்லை. நானும் சில நாளாக அப்படித்தான் இருக்கிறேன், நடப்பதெல்லாம் தூக்கத்தில் நடப்பது போல. "என்னடி, நின்னுக்கிட்டே தூங்குறியா? நாடா காயுது, தண்ணியத் தெளி" என்று அப்பா திட்டுகிறார். அவர் திட்டுவதும் எங்கோ தூரத்துக் கால்வாயில் யாரோ படகுக்காரன் கூப்பிடுவது போலக் கேட்கிறது. விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் உன் கடிதம் கிடைத்தது. கொண்டுவந்தவர் உன்னோடு கப்பலில் இருந்தவராம், பீட்டர் என்று பெயர் சொன்னார். முகமெல்லாம் வெந்து சுருங்கிய தழும்பு, குரல் கரகரவென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. வீட்டுக்குள் வந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. புது மெழுகுக் கட்டிகள் கிடந்த மேசையில் உட்காரவைத்துப் பட்டாணிக் கஞ்சி கொடுத்தேன். அவர் எதிரிலேயே கடிதத்தைப் படித்தேன். வெடிமருந்து பற்றிக்கொண்டதில் உன் முகமும் குரலும் போய்விட்டன, பதினொரு வருஷத்துக்கு முன் நாங்கள் அனுப்பிவைத்த யெரூன் இப்போது இல்லை, இனி அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பிறகு அந்த மனுஷரிடம், "தம்பி, நீங்க எம்புள்ளையப் பாத்தீங்களே, அவன் ஒழுங்கா சாப்பிடுறானா?" என்று கேட்டேன். "சாப்பிடுறாரும்மா" என்றார். நாளைக்கு மரம் ஏற்றிவரும் கப்பலில் பெர்கன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வாசல் வரைக்கும் போய் நன்றி சொல்லி அனுப்பினேன், கல்நெஞ்சுக்காரி.

மாடி அறையில் லைடன் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தீல்மன் என்ற பையன் கோடைக்கு வாடகைக்கு இருக்கிறான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பதற்கு அவனைத்தான் காட்ட வேண்டும். நம் நாட்டில் வெகுகாலம் வாழ்ந்த யாரோ பிரெஞ்சுக்காரர் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு உயிரை வாங்குகிறான். போன ஞாயிறு தேவாலயத்திலிருந்து வந்ததும், "மாரித்யேம்மா, உங்க தொழிலப் பத்தித்தான் எழுதியிருக்காரு, வந்து பாருங்க" என்று அடுப்பருகே கூப்பிட்டான். கூட்டிலிருந்து எடுத்த புது மெழுகு ஒரு கட்டி. தேன் ருசி போகவில்லை, பூ வாசனை இருக்கிறது, கைக்குச் சில்லென்று கெட்டியாக இருக்கிறது, தட்டினால் சத்தம் வருகிறது. அதைக் கரண்டியில் போட்டு நெருப்பருகே காட்டினான். ருசி போயிற்று, வாசனை போயிற்று, நிறம் மாறிற்று, வடிவம் போயிற்று, தொட்டால் சுடுகிறது, தட்ட ஒன்றும் இல்லை. "இப்பவும் இது அதே மெழுகுதானே?" என்றான். அதே மெழுகுதான், இதிலென்ன சந்தேகம் என்றேன். "அப்ப கண்ணு, மூக்கு, கை சொன்னது அத்தனையும் மாறிப்போச்சு. ஆனாலும் அதேதான்னு சொல்றீங்க. அப்படின்னா அதத் தெரிஞ்சுக்கிட்டது கண்ணு இல்ல, மனசு மட்டுந்தான்" என்று பெரிய வழக்கில் ஜெயித்தவன் போல நிமிர்ந்தான். எனக்குச் சுருக்கென்றது. "இருப்பா, நான் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டிருந்தேன், அதனால அதேன்னு சொன்னேன். நடுவுல நான் கொல்லைப்பக்கம் போயிட்டு வந்திருந்தா? நீ இதை ஊத்திட்டு வேற எதையோ உருக்கி வெச்சிருந்தா என் மனசுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். உருகின மெழுகைத்தான் கேட்டேன், ஆனால் என் நினைவில் நீதான் இருந்தாய். பதினொரு வருஷம் கண்ணை எடுத்துவிட்டேனே. பையன் தலையைச் சொறிந்ததில் கரண்டி சாய்ந்து மெழுகு மேசையெல்லாம் வழிந்து கீழே சொட்டியது.

அதைச் சுரண்டத்தான் கத்தியோடு மேசைக்கு அடியில் குனிந்தேன். கை ஒரு கட்டியில் பட்டது. மென்று ஒட்டிய மெழுகு, இந்த வருஷத்து மஞ்சள், பல் தடம் அப்படியே இருந்தது. சுத்தமான மெழுகா, கொழுப்புக் கலந்ததா என்று நம் வீட்டில் எல்லாரும் மென்றுதான் பார்க்கிறோம். அப்பா புல்லில் துப்பிவிடுவார். ஹில்லெக்குப் பல்வலி, அவள் மெல்லுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. தீல்மனைக் கேட்டால், "மெழுகைப் போயி யாராவது திம்பாங்களா?" என்று முகத்தைச் சுளிக்கிறான். மென்றதை மேசைக்கு அடியில் ஒட்டி என்னிடம் அடி வாங்கிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். நீ கப்பலேறிய வாரம் பழையதையெல்லாம் சுரண்டி எடுத்தேன், அப்புறம் எதற்கு எடுத்தோம் என்று நொந்துகொண்டேன். இந்த வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்த வெளியாள் பீட்டர் மட்டும்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யெரூன், நீ என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து என் கையால் கஞ்சி குடித்தாய், நான் உன்னிடமே உன்னைப் பற்றி விசாரித்தேன். பெற்றவளுக்குத் தெரிகிறதா பார்க்கலாம் என்று வந்தாய். தெரியவில்லை என்று போய்விட்டாய்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் பாதிதான் சரி. மாறினதெல்லாம் மாறினாலும் மெழுகு மெழுகுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனசு மட்டுமே அறிகிறது என்றாரே, அங்கேதான் தப்பு. ஏமாந்தது என் மனசு. வேற்றாள் என்று அது முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது, கண் அதற்குத் தலையாட்டிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் தொப்பியும் மேலங்கியும்தான் தெரிகின்றன, அவற்றை மனிதர்கள் என்று மனசுதான் தீர்மானிக்கிறது என்று அவர் இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறாராம். நான் என் பிள்ளையையே தொப்பியும் மேலங்கியுமாகப் பார்த்தேன். இதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னபோது ஹில்லெ தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "அம்மா, நீ அன்னிக்கு அவருக்குக் கரண்டிய எடப்பக்கமா வெச்ச. வெளியாளுக்கு ஏன் அப்படி வெக்கிறேன்னு நெனச்சேன். அவரு அத சோத்துக்கைக்கு மாத்திக்கிட்டாரு, கஞ்சி மேலெல்லாம் சிந்துச்சு." எனக்கு அப்படி வைத்த ஞாபகமே இல்லை. இந்த வீட்டில் இடதுகைக்காரன் நீ ஒருத்தன்தான். நீ அடையாளத்தை மறைத்துக் கையை மாற்றிக்கொண்டாய், சரி. உன் பக்கத்தில் கரண்டியை வைத்தது யார் கை என்று ஏனடா யோசிக்கவில்லை? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பொய்யில்லை. தீல்மனிடம் இதைச் சொன்னேன், இதற்குப் புத்தகத்தில் இடமில்லை என்றான். இருக்காது.

அப்பா வெளியே சொல்லவில்லை, ஆனால் தினம் கால்வாய்க் கரை வரைக்கும் போய் நின்றுவிட்டு வருகிறார். நீ உடனே புறப்படு. குளிர் தொடங்கி நீர் உறைவதற்குள் வந்துவிடு. கண்ணாடியைப் பார்த்துக் கலங்காதே, எங்களுக்கு வெளுத்த மெழுகும் மெழுகுதான். வாசலில் நின்று பெயர் சொல்ல வேண்டாம், தொப்பியை மட்டும் கழற்று. ஆண்டவர் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும். இதைப் பெர்கன் போகும் மரக்கப்பலின் தலைவரிடம் கொடுத்து, முகத்தில் தழும்புள்ள பீட்டர் என்று பொய் சொல்லித் திரிகிறவன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நீ மென்று ஒட்டிய அந்தக் கட்டியை உருக்கித்தான் கடிதத்தை ஒட்டுகிறேன். பல் தடம் போய்விடும், பரவாயில்லை, அதே மெழுகுதான். நீ உடைக்கும்போது பார்.

கரண்டியை இடப்பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா
மாரித்யே