ஜன்னல் வைத்த பை

பிப்ரவரி 3, திங்கள்

பெரிய கடையிலிருந்து உருளைக்கிழங்கு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துவிட்டது. எல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. அண்ணன் ஒரு பையைக் கிழித்து, நான் தரம் பிரிக்கிற மேஜையில் அப்படியே கொட்டினான். "உன் கண்ணு எங்க போச்சு?" கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் பார்த்து அனுப்பியபோது இதில் ஒன்றுகூடப் பச்சை இல்லை. சொன்னேன். அவன் காதில் ஏறினால்தானே? என் எதிரிலேயே கடைக்குப் போன் போட்டு, "மன்னிச்சுக்குங்க சார், இங்க பார்த்து எடுக்கிற ஆள் சரியில்ல" என்றான்.

ஆளாம்! அப்பா இந்தக் கொட்டகையைப் போட்ட நாளிலிருந்து இந்த மேஜையில் நிற்கிறேன். என் தங்கச்சி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் குரலைத் தணித்துக்கொண்டு வந்தான். "சீசன் முடியட்டும். மேஜைக்கு உங்க அண்ணியோட தம்பியப் போடறேன். நீ சாக்கு தைக்கிற பக்கம் போயிடு. நல்ல நிழல், உட்கார்ந்தே செய்யலாம்."

இத்தனை வருஷம் நின்ற காலுக்கு இன்றைக்குத்தான் நிழல் தேடுகிறானா?

பிப்ரவரி 4

மேஜையை விட்டு நகர மாட்டேன். நாளைக்கு எனக்கே பயம் வந்தால் எடுத்துப் படிப்பதற்காக எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வேலை முடிந்து நேரே பெரிய கடைக்குப் போனேன், வாங்க வந்தவள் மாதிரி கூடையை மாட்டிக்கொண்டு. நம் கிழங்கு மேல் தட்டில், பளபளவென்று உள்ளே எல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பையில் இருந்தது. ஒரு முழம் மேலே குழல் விளக்கு. ராத்திரி அணைப்பீர்களா என்று அங்கே அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "இந்தத் தட்டு விளக்கா? அதுக்கு சுவிட்ச் எங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா."

ஒரு பையைத் திருப்பிப் பார்த்தேன். விளக்கைப் பார்த்த பக்கம் பச்சை. அடிப்பக்கம், நான் அனுப்பிய அதே மஞ்சள். கடை நடுவில் நின்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் வண்டியை நகர்த்திக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 7

கடையில் வாங்கி வந்த பையை அண்ணன் முன்னால் வைத்தேன். "மேல மட்டும் பச்சை, கீழ இல்ல. என் மேஜையிலேயே கெட்டிருந்தா ஒரு பக்கம் மட்டுமா கெடும்?"

மண்ணுக்குள் இருட்டில் வளர்ந்த பொருள். வெளிச்சம் பட்டால் பச்சை கட்டும், கசக்கும், தின்றால் வயிற்றைப் புரட்டும். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாதா? எனக்கு முன்னாலேயே தெரியும். அதுதான் எரிச்சல். தெரிந்துகொண்டே, "அவங்ககிட்ட போய் உங்க விளக்குதான் தப்புன்னு சொல்ல முடியுமா?" என்கிறான்.

அவர்கள் தப்பு என்று சொல்ல முடியாது. தங்கச்சி தப்பு என்று சொல்ல முடிகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் தையல்காரர். நான் பொரிந்து தள்ளியதை எல்லாம் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையை விரலால் தேய்த்துப் பார்த்து, "லைனிங் கொடுக்காம தைச்சா இப்படித்தான். உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே தெரியும்" என்றார்.

லைனிங்! விளக்கை அணைக்க மாட்டார்களா, சரி. பையை இருட்டாக்கிவிடுகிறேன்.

பிப்ரவரி 10

கடையில் கொள்முதல் பார்க்கிறவருக்கு நானே போன் போட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை. மனதுக்குள் இவருக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். எது பேசினாலும் "உள்ள தெரியணும்மா, தெரியணும்" என்பார். "மூடின பையில அழுகலைப் போட்டு ஏமாத்தினவங்கள நிறையப் பார்த்துட்டேன். திட்டு வாங்குறது நான்" என்றார். நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. விடாமல் பேசிப் பேசி, ஒரே ஒரு பெட்டி கறுப்புப் பையில் வைத்துப் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

மூக்கு உடைந்தது. நன்றாகவே உடைந்தது.

ஒரு பொட்டு வெளிச்சம் போகக் கூடாது என்று கறுப்பு பிளாஸ்டிக்கில் போட்டு இறுக்கிக் கட்டினேன். காற்றும் போகாதே! அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? உள்ளே வியர்த்து, கசிந்து, பையைப் பிரித்தால் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. அதுகூடப் பாதிப் பைகள்தான். மீதிப் பாதியைக் கடை கூட்டுகிறவர் குப்பை மூட்டை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டாராம்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணியின் தம்பி வேறு வந்திருந்தான், மேஜையைப் பார்த்து வைத்துக்கொள்ள. அவனும் சிரித்தான்.

சிரிங்கடா. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி மேஜைக்கு வந்து நின்றேன். நான் செய்தது தப்பு. நான் சொன்னது தப்பில்லை. அந்தக் கறுப்புப் பையில் அழுகாமல் தப்பிய கிழங்கில் ஒன்றுகூடப் பச்சை இல்லையே! யாராவது அதைப் பார்த்தார்களா?

பிப்ரவரி 20, வியாழன்

வெளியே பழுப்புக் காகிதம், உள்ளே கருந்தாள், அடி மடிப்பில் காற்றுக்குத் துளை. வீட்டுக்காரர் கத்தரித்துக் காட்டியபடி நானே ஒட்டினேன். அண்ணனோடு கடைக்குப் போய்க் காட்டினேன். கண்ணாடி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குப்பை மாதிரி இல்லை என்றார். பெரிய பாராட்டு! அப்புறம், "உள்ள தெரியற மாதிரி ஒரு ஜன்னல் மட்டும் வெச்சிடுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "தாராளமா வெச்சிடலாம் சார்" என்றுவிட்டான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஜன்னல் வெச்சா வெளிச்சம் உள்ள போகாதா?"

"சின்ன ஜன்னல்தானே."

"சின்னதா ஓட்டை போட்ட குடையைப் பிடிச்சுக்கிட்டு நீ போவியா?"

"உனக்கு எல்லாத்துலயும் பிடிவாதம். அப்பா கொடுத்த செல்லம்."

ஆமாம், பிடிவாதம்தான். எனக்கு அப்பா கொடுத்தது அது ஒன்றுதான், கொட்டகையை உனக்குக் கொடுத்தார். இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 27

ஜன்னல் வைத்த பைகள் போயின. ஒவ்வொரு கிழங்கையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எடுத்தேன். அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து, பை மூடும் வரைக்கும் பார்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே நின்றான்.

மார்ச் 5, புதன்

வந்துவிட்டது, அத்தனையும்.

ஒவ்வொரு பையிலும் ஜன்னல் வழியாகப் பச்சைக் கிழங்கு எட்டிப் பார்க்கிறது. ஒரு ஆள்கூட வாங்கவில்லையாம். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஒரு பையை எடுத்து, அன்றைக்கு அவன் கொட்டினானே, அதே மேஜையில் கொட்டினேன். உள்ளே இருந்ததெல்லாம் பொன் மாதிரி இருந்தது. ஜன்னலை ஒட்டி இருந்தவை மட்டும் கெட்டிருந்தன. ஜன்னல் தான் கெடுத்ததை மட்டும் பொறுக்கி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறது!

அதில் ஒரு பெரிய கிழங்கு. ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறது. அதன் மேல் பச்சையில் ஒரு சதுரம், ஓரம் பிசகாமல், கத்தரித்து ஒட்டின மாதிரி. அண்ணன் கையில் வைத்தேன்.

"என் மேஜையில நான் எந்தக் கிழங்குக்கும் சதுரம் போட்டு அனுப்பினதில்ல" என்றேன்.

அவன் அந்தக் கிழங்கைச் சட்டைப் பையில் போட முயன்றான். கொள்ளவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டு போனான்.

மார்ச் 6

மன்னிப்பு வரவில்லை. வராது, தெரியும். அண்ணியின் தம்பி இன்றைக்கும் வந்து மேஜைப் பக்கம் உலாத்தினான். தோற்றுவிட்டோம் என்று கண்ணாடியிடம் சொல்லிப் பழைய பிளாஸ்டிக்குக்கே போய்விடலாமா என்று அண்ணன் கேட்டான். போனால் மறுபடி பச்சை, மறுபடி என் கண். "போகக் கூடாது" என்றேன். அதட்டலாகவே வந்துவிட்டது குரல்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் காலையிலிருந்து புலம்பல். கடைக்கு ஜன்னல் வேண்டும், கிழங்குக்கு ஜன்னல் வேண்டாம், நான் என்னதான் செய்வது?

அவர் வேறு யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையைத் தைத்து முடித்து, அதன் மேல் மூடி வைத்து மெஷினில் ஓட்டினார். தூக்கினார், விட்டார். விழுந்து மூடிக்கொண்டது.

"ஏங்க, இன்னொரு தடவை தூக்குங்க."

தூக்கினார். விட்டார். நான் பார்த்த பார்வையில் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்றார்.

ஜன்னலுக்கு மூடி! பார்க்கிறவன் தூக்கிப் பார்க்கட்டும், கையை எடுத்தால் அதுவாக விழட்டும். முதலில் செய்தது தூக்கினால் தூக்கியபடியே நின்றது. கனமான அட்டையில், மேல் ஓரத்தை மட்டும் மடித்து ஒட்டியபோது சரியாக வந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13

அண்ணன் மூடி வைத்த பையோடு அந்தச் சதுரக் கிழங்கையும் கண்ணாடி முன்னால் வைத்தானாம். நான் உடன் போகவில்லை. வந்து, "இன்னொரு தடவை வைக்கலாம்னு சொல்லிட்டார்" என்றான். அவ்வளவுதான். அதைச் சொல்லவே அவனுக்கு நா எழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 22, சனி

கடையில் போய் ஓரமாக நின்றேன். வருகிறவர்கள் மூடியைத் தூக்குகிறார்கள், பார்க்கிறார்கள், விடுகிறார்கள். சிலர் வாங்காவிட்டாலும் சும்மா தூக்கிப் பார்க்கிறார்கள். கண்ணாடியே போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று தூக்கினார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

சீசன் முடிந்தது, கடைசி லோடு மட்டும் பாக்கி. அண்ணியின் தம்பி இன்று முறையாக வேலைக்குச் சேர்ந்தான். மூடி ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறான் அண்ணன். நல்ல நிழல்.

மத்தியானம் போன். பேச்சிலிருந்தே கடை என்று தெரிந்தது. எங்கேயோ ஒரு பை பச்சையாம். கிட்டே போய் நிற்கத் தோன்றியது, போகவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இருக்காது சார்" என்றான். "மூடியைத் தூக்கி யாராவது மடிப்புல செருகி விட்டிருப்பாங்க, போய்ப் பாருங்க. எங்க மேஜையிலேர்ந்து பச்சை வராது. பார்த்து அனுப்புறது என் தங்கச்சி."

நான் நிமிரவில்லை. கையில் இருந்த கிழங்கைத் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டேன்.