மூண்டு சூட்கேசும் ஒரு பாஸ்போட்டும்

மொன்றியல்
9.10.2019, புதன்

ஓம் அக்கா, நீ கேட்டது சரிதான், மூண்டு சூட்கேஸ், ஒவ்வொண்டும் இருபத்திமூண்டு கிலோ, மூண்டும் உனக்குத்தான், பகிடி இல்லை. சண்முகலிங்கம் மாமா இண்டைக்குப் பின்னேரம் லண்டனுக்கு பிளேன் ஏறுறார், தன்ர உடுப்பை ஒரு தோள்பைக்குள்ள அமத்திப்போட்டு மற்ற இடம் முழுக்க எங்களுக்குத் தந்திட்டார், பாவம் மனுசன், அப்பா கேட்டா இல்லையெண்டு சொல்லத் தெரியாது. அவற்ர கையில வாற இந்தக் கடிதம் ஏன் என்ர கோழிக்கிறுக்கலில வருகுதெண்டு யோசிக்காதை, அப்பாதான் எழுத வெளிக்கிட்டவர், ஆனா கண்ணாடியைக் காணேல்லை. காலமை சூட்கேஸ் நிறுக்கேக்க கழட்டி உள்ள எங்கயோ வைச்சவராம், இப்ப மூண்டுக்கும் டேப் சுத்திக் கயிறும் கட்டியாச்சு, எதுக்குள்ள எண்டு அவருக்கே தெரியாது. அதால அவர் சோபாவில இருந்து சொல்லுறார், நான் எழுதுறன். கண்ணாடி இல்லாமல் இதை அவர் வாசிக்கவும் மாட்டார், அது நல்லதாப் போச்சு, ஏனெண்டு பேந்து சொல்லுறன்.

முதல் அவற்ர பங்கை முடிக்கிறன். அன்புள்ள மகள் ஆர்த்திகாவுக்கு, பிள்ளையாற்ற புண்ணியத்தில இஞ்ச எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அங்க நீயும் வரப்போற மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீங்கள் எண்டு நம்பி இதை எழுதுறம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவாம், இப்ப வேலையில இருந்துகொண்டு செய்யிற இடம் குடுத்திருக்கினமாம். தம்பி படிப்பைப் பாதியில விட்டிட்டு இன்னும் அந்த வெயார்ஹவுஸிலதான் நிக்கிறான், நீயாவது அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லட்டாம். இதை நான்தான் என்ர கையால எழுதிறன், பார், எனக்கு எவ்வளவு பொறுமை எண்டு. போனில சொன்னா நீ ஓம் ஓம் எண்டுபோட்டு வைச்சிடுவியாம், கடதாசியில எழுதினா எடுத்துவைச்சுத் திருப்பிப் பாப்பியாம், அதுக்குத்தான் கடிதம். இனிப் புத்திமதி. காருக்கு எப்பவும் அரை டாங்குக்குக் கீழ பெற்றோல் இறங்க விடக்கூடாதாம். உன்ர தைரோயிட் குளிசையை மூண்டு மாசத்துக்கு எழுதித் தரச்சொல்லி டொக்டரிட்டக் கேக்கட்டாம். முப்பத்தொண்டாம் திகதி பாத்ரூம் தொட்டியில தண்ணி நிரப்பி வைக்கட்டாம். நான் சொன்னன், அப்பா, இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டு வெளியில போகுது, தண்ணிக்குழாயை விட்டில்லை எண்டு. எழுதடா எண்டார். எழுதிட்டன்.

சூட்கேசுக்குள்ள என்ன கிடக்கு எண்டு நீ கேக்கிறதுக்கு முதல் சொல்லிப்போடுறன். மைசூர்ப் பருப்பு பத்துக் கிலோ, அரிசிமா, சவுக்காரம் முப்பது கட்டி, பற்றறி, பனடோல், சீனி அஞ்சு கிலோ, தேயிலை மூண்டு கிலோ. இங்கிலாந்துக்குத் தேயிலை அனுப்பிற மனுசனை நீ எங்கயாவது கண்டனியே? முடியோட தேங்காய் பதினொண்டு, அது கும்பத்துக்காம். டொமினிக்கனில காய்ச்ச தேங்காய் கப்பலில மொன்றியலுக்கு வந்து, இப்ப பிளேன் ஏறி உன்ர கலியாணத்துக்கு வருகுது, எங்கள் எல்லாரையும் விட அதுதான் கூட நாடு பாத்திருக்கு. நெருப்புப்பெட்டி இரண்டு டசினும் கற்பூரமும் வைச்சிருந்தார், பிளேனைக் கொளுத்தப் போறியளோ எண்டு கத்தி நான் வெளியில எடுத்திட்டன். எல்லாத்துக்கும் காரணம் அந்த யூடியூப்பும் தமிழ் ரேடியோவும்தான். ஒருத்தன் சொல்லுறான் உடன்படிக்கை இல்லாமல் போனா லொறியெல்லாம் கடற்கரையில நிண்டுபோகும் எண்டு, மற்றவன் மருந்து இருக்காதெண்டு சொல்லுறான், இவருக்கு உடன தொண்ணூறாம் ஆண்டு வந்திட்டுது, சண்டைக்க சாமான் வராமல் சவுக்காரத்தை நாலா வெட்டிக் குளிச்ச காலம். நான் அதைப் பேய்க்கதை எண்டு சொல்லேல்லை அக்கா, அவர் பட்டது பட்டதுதான். ஆனா அங்க அப்பிடி நடக்காதப்பா எண்டா, எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவங்கள் எண்டுறார்.

நீயும் சளைச்ச ஆளில்லை. கராஜுக்க பழைய ஃப்ரீசர் வாங்கிப் போட்டு அதை நிரப்பி வைச்சிருக்கிறாய் எண்டு அம்மா சொன்னவ, அதுக்குப் பிறகு அப்பாவை மாத்திரம் ஏன் பேசுறாய். எங்கட வெயார்ஹவுஸிலயும் இதே கூத்துத்தான், அதைக் கேட்டியெண்டா சிரிப்பாய். விமானத்துக்குப் பூட்டுற சாமான் இங்கிலாந்துக்கு மாசம் இரண்டு தரம் போனது இப்ப கிழமைக்கு இரண்டு தரம் போகுது, அங்க இருக்கிற கொம்பனி முப்பத்தொண்டுக்கு முதல் எல்லாத்தையும் அனுப்பு அனுப்பு எண்டு நிக்குது. மார்ச்சிலயும் இப்பிடித்தான் நாரி முறிய ஏத்தினம், பேந்து திகதியைத் தள்ளினாங்கள், ஏப்பிரலில தள்ளினாங்கள், ஒவ்வொரு தரமும் நாங்கள் இஞ்ச ஓவர்டைம். திரும்பவும் தள்ளுவாங்கள் எண்டுதான் என்ர எண்ணம். அங்க பாராளுமன்றத்தில நிண்டு கத்திறவங்களில ஒருத்தனாவது ஒரு பெட்டி தூக்கியிருப்பானோ? தாங்கள் என்ன செய்யப்போறம் எண்டு தங்களுக்கே தெரியாது, ஆனா இஞ்ச சென்ட் லோரன்டில நான் சனிக்கிழமையும் வேலைக்குப் போகோணும்.

சரி, இப்ப நீ உண்மையா அறிய நிக்கிற விசயத்துக்கு வாறன். அனுஜன் அத்தானின்ர அப்பா உங்கட கலியாணத்தை நவம்பர் பத்தில இருந்து ஒக்டோபர் இருபதுக்கு மாத்தச் சொல்லி நிக்கிறார், ஆற்றையோ கலியாணம் நிண்டு அதே ஹோல் காலியாக் கிடக்காம், பாரிசில இருந்தும் ஜெர்மனியில இருந்தும் வாற தங்கட ஆக்கள் நாப்பது பேரும் முப்பத்தொண்டுக்கு முதல் கரைச்சல் இல்லாமல் வந்து போயிடலாமாம். எங்கட அப்பா ஏலவே ஏலாது எண்டிட்டார், இருபதாம் திகதி தேய்பிறை, என்ர பிள்ளையின்ர கழுத்தில தேய்பிறையில தாலி ஏறாது எண்டு. ஒரு மாசமா இரண்டு வீட்டுக்கும் இழுபறி, நடுவில நீ அழுதுகொண்டு போன் எடுக்கிறாய், இதுக்கு மேல பிடிவாதம் பிடிச்சா மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினம் எண்டு. நானும் அப்பாவில கோவத்தோடதான் இருந்தனான். இண்டைக்குக் காலமை வரைக்கும்.

காலமை உன்ர சாதகக் குறிப்பை எடுத்துத் தரச்சொன்னார், அனுப்பிறதுக்கு. மேசை லாச்சியைத் திறந்தா குறிப்புக்குக் கீழ ஒரு என்வலப், உள்ள அப்பாவின்ர பாஸ்போட் படம் இரண்டு, புதுப் பாஸ்போட்டுக்கு ஃபோம் ஒண்டு, முழுக்க நிரப்பியிருக்கு, கையெழுத்தும் திகதியும்தான் இல்லை. பக்கத்தில அவற்ர பழைய பாஸ்போட், முடிஞ்சு ஒண்டரை வருசம். அக்கா, நவம்பர் அஞ்சாம் திகதிக்கு எங்கள் மூண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுக் கிடக்கு, மனுசனிட்டப் பாஸ்போட் இல்லை! ஏனப்பா குடுக்கேல்லை எண்டு கேட்டன். முப்பத்தொண்டாம் திகதிக்குப் பிறகு அவங்கள் என்ன சட்டம் கொண்டுவாறாங்கள் எண்டு பாத்திட்டுக் குடுப்பம் எண்டு இருந்தவராம், முந்தி எடுத்து வைச்சா அது செல்லாமல் போயிடுமாம். கனடாப் பாஸ்போட்டுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம் எண்டு கத்தினன். உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, அம்மாவும் நீயும் கொழும்புக்கு முதல் வந்திட்டியள், இவர் யாழ்ப்பாணத்தில ஆமிக்காறனிட்டப் பாஸ் எடுத்து வைச்சுக்கொண்டு கப்பலுக்கு நிண்டவர், வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் விதி மாறிச்சுதாம், பழைய பாஸ் எல்லாம் செல்லாது, திரும்ப வரிசையில முதல்ல இருந்து. நான் பிறந்து நாலு மாசம் கழிச்சுத்தான் என்னைப் பாத்தவர். அந்தப் பாடத்தை இருபத்திமூண்டு வருசமா நெஞ்சுக்க வைச்சிருந்து, தேவையில்லாத இடத்தில கொண்டுவந்து போட்டிருக்கிறார். போன மாசம்தான் ஆரோ சொல்லி விளங்கியிருக்கு, பிந்திப்போச்சு எண்டு. வெக்கத்தில வாய் திறக்கேல்லை. அம்மாவுக்கும் தெரியாது, அறிஞ்சா அவ இந்த வீட்டை விட்டு உடன்படிக்கை இல்லாமலே வெளியில போவா.

தேய்பிறை எல்லாம் சும்மா அக்கா. இருபதாம் திகதிக்குத் தன்னால வர ஏலாது, அதுதான் காரணம். பத்தாம் திகதிக்கும் வர ஏலாது எண்டுதான் மனுசன் முடிவெடுத்து வைச்சிருக்கிறார். நீலச் சூட்கேசில எல்லாத்துக்கும் மேல ஒரு பட்டு வேட்டியும் சால்வையும் இருக்கு, புதுசு, சரிகைக் கரை. அடுக்கேக்க ஆருக்கெண்டு கேட்டனான், ஜெர்மனிப் பெரியப்பாவுக்குச் சும்மா ஒரு மரியாதைக்கு எண்டார். நானும் நம்பினன். இப்பதான் சொல்லுறார், தான் இல்லாட்டி உன்னைத் தாரை வார்த்துக் குடுக்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும்தானே நிக்கோணும், அவர் பழைய வேட்டியோட நிக்கக்கூடாதாம், தான் வராட்டியும் அந்தச் சபையில ஒண்டும் குறையக்கூடாதாம். இந்தப் பருப்பு, தேங்காய், சவுக்காரம் எல்லாம் அதுக்கும்தான். எழுபது கிலோ சாமான் கட்டி அனுப்பத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு ஃபோமைக் கொண்டுபோய்க் குடுக்கத் தெரியேல்லை. எனக்குக் கோவத்தில அழுகை வந்திட்டுது, வெளிப்படியில போய் நிண்டு ஒரு சிகரெட் பத்தினன், அதைப் பற்றி நீ இப்ப தொடங்காதை.

ஆனா பிந்தேல்லை. நான் உடன போனில தேடிப் பாத்தன், நேர கொண்டுபோய்க் குடுத்தா பத்து வேலைநாள், அவசரக் காசு கட்டினா அதுக்கும் முதல். நாளைக்கு நான் வேலைக்குப் போகேல்லை, அப்பாவை இழுத்துக்கொண்டு காலமை ஏழு மணிக்குப் போய் வாசலில நிக்கப்போறன், வேலை போனாப் போகட்டும். ஒரே ஒரு கரைச்சல், இவரை வருசக்கணக்காத் தெரிஞ்ச, கனடாப் பாஸ்போட் வைச்சிருக்கிற ஒரு ஆள் ஃபோமிலயும் படத்துக்குப் பின்னாலயும் கையெழுத்து வைக்கோணும். ஃபோமில எழுதிக் கிடக்கிறது மாமாவின்ர பேர். மாமா இண்டைக்குப் போனா நவம்பர் கடைசியிலதான் வருவார். இல்-பிசாரில இருக்கிற தன்ர வீட்டில இருந்து வெளிக்கிட்டிட்டாராம், சூட்கேஸ் ஏத்த வரேக்க பிடிச்சாத்தான் உண்டு.

அதால நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். அத்தானின்ர அப்பாவுக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு, பத்தாம் திகதிதான், மாறாது எண்டு. அவற்ர நாப்பது பேரில ஐரோப்பாப் பாஸ்போட் இருக்கிற ஆக்கள் பேந்தும் வரலாம் எண்டு அங்க அரசாங்கமே சொல்லியிருக்கு, அகதிப் பயணப் புத்தகம் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இப்பவும் விசா வேணும், பேந்தும் விசா வேணும், ஒண்டும் மாறாது. இருபதாம் திகதிக்கு மாத்தினியெண்டா அப்பா இல்லை, விளங்குதோ, பத்தாம் திகதி எண்டா நான் அவரைத் தோளில தூக்கியெண்டாலும் கொண்டுவாறன். தோழனா நிண்டு அத்தானின்ர காலைக் கழுவுறதுக்கும் நான்தானே வரோணும், அதுக்கு அவர் எனக்குப் போடுற மோதிரம் சின்னனா வாங்கவேண்டாம் எண்டு சொல்லி வை. பாஸ்போட் ஒஃபீசால மாமாவுக்குப் போன் எடுத்துக் கேட்டாலும் கேப்பினம், கனடா நம்பர் அடிச்சா எடுக்கச் சொல்லு, அவர் வெளிநாட்டில போனை ஓஃப் பண்ணி வைக்கிற ஆள், நீ விடாதை. சூட்கேசைத் திறந்த உடன கண்ணாடியைத் தேடி எடுத்துக் கழுவி வை, கண்ணாடி முதல் வந்திட்டுது, ஆள் பின்னால வருவார். அந்த வேட்டியைப் பெரியப்பாவுக்குக் குடுத்திடாதை. அலுமாரியில வை. அது அப்பாவுக்கு.

இப்ப அவர் கடைசிப் பந்தி சொல்லுறார். நீ நினைச்சதெல்லாம் நடந்து, பதினாறும் பெற்று, ஒருத்தரிட்டையும் கை நீட்டாமல், ஒரு வரிசையிலயும் நிக்காமல் வாழோணுமாம், அம்மாளாச்சி துணையாம். தொட்டியில தண்ணி நிரப்ப மறக்கவேண்டாமாம், திரும்பவும் சொல்லுறார். இப்படிக்கு, உன்னில உயிரா இருக்கிற அப்பா பேரின்பநாதன் எண்டு போடட்டாம், போட்டாச்சு, கையெழுத்தை அவர் அந்த ஃபோமில வைக்கட்டும். என்னடா இவ்வளவு நேரமா எழுதிறாய், நான் அவ்வளவு சொல்லேல்லையே எண்டு கேக்கிறார். மாமா கீழ ஹோர்ன் அடிக்கிறார், டபிள் பார்க்கிங் போட்டுக்கொண்டு நிக்கிறார். கறுப்பு மையில எழுதிற பேனை வீட்டில இது ஒண்டுதான், ஃபோமில மாமாவின்ர கையெழுத்துக்கு வேணும், நான் போறன்